வந்த கட்டுரை சொந்த எழுத்துதானா என்று தமிழில் எப்படிச் சரிபார்ப்பது?

ஊருணிக்கரை (கேள்வி):
வணக்கம். சிறிய மின்னிதழ் ஒன்றுக்கு வரும் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து மெய்ப்புப் பார்ப்பது என் பொறுப்பு. சென்ற மாதம் புதியவர் ஒருவர் சிவகங்கைப் பக்கத்து ஊருணிகளைப் பற்றி எழுதி அனுப்பியதை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சோதனைக் கருவியில் இட்டுப் பார்த்தேன். முழுவதும் புதியது என்று அது காட்டியதை நம்பி வெளியிட்டுவிட்டோம். இரண்டே நாளில் வாசகர் ஒருவர், இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏதோ ஒரு வலைப்பூவில் படித்த நினைவிருப்பதாக எழுதினார். சுட்டி அவரிடம் இல்லை. கட்டுரையாளரோ தம் சொந்த எழுத்துதான் என்கிறார். ஆதாரமில்லாமல் ஒருவர்மேல் பழி சுமத்தவும் மனமில்லை, வாசகரின் சொல்லைத் தள்ளவும் முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய மெய்ப்பாளன்:
கருவி ‘புதியது’ என்று சொன்னால், தான் தேடிய இடத்தில் அது இல்லை என்பது மட்டுமே பொருள். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும் சில சொற்களைக் கொத்தாக எடுத்து ஒப்பிடுகின்றன. ‘ஊருணியைத் தூர்வாரினார்கள்’ என்பதை ‘ஊருணி தூர்வாரப்பட்டது’ என்று மாற்றினாலோ, சேர்த்து எழுதியதைப் பிரித்து எழுதினாலோ, ஓர் ஒற்று கூடிக் குறைந்தாலோகூட அந்தக் கொத்து அறுந்துவிடும்.

ஆகவே நான் இன்றும் கையால்தான் தேடுகிறேன். முதல் பத்தியை விட்டுவிடுங்கள். எடுத்தாள்பவர்கள் மெனக்கெட்டு மாற்றுவது அதைத்தான். கட்டுரையின் நடுவில், எழுதுபவருக்குக் கை அலுத்துப்போன இடத்தில், ஆறேழு சொற்களை எடுத்து இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுங்கள். கூகுள் 32 சொற்களுக்கு மேல் கண்டுகொள்ளாது என்பதால் பத்தியை முழுதாக ஒட்டுவதில் பயனில்லை. எல்லாவற்றையும்விட நல்ல தடயம் எழுத்துப்பிழை: கருத்து இருவருக்கு ஒன்றாக வரலாம், ஒரே இடத்தில் ஒரே பிழை வருவது அரிது. நாம் மெய்ப்புத் திருத்திய வடிவத்தை வைத்துத் தேடினால் இந்தத் தடயம் அழிந்துவிடும்; அவர் அனுப்பிய மூலக்கோப்பை வைத்தே தேடுங்கள்.

குறிமுறை:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தர நிர்ணயமாக அறிவித்ததே 2010இல்தான். அதற்கு முன் திஸ்கி, தாப், பாமினி என்று பல குறியாக்கங்களில் எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் எழுத்துரு; அதில் உள்ள பக்கத்தைத் தேடுபொறி ஆங்கில எழுத்துக் குவியலாகவே பார்க்கும். ஐயமுள்ள வரியை எழுத்துருமாற்றி கொண்டு பாமினிக்கு மாற்றி, அந்தக் குவியலையே மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். ஈழத்துப் பழைய பக்கங்கள் சிலவற்றை இப்படித்தான் கண்டெடுத்தேன். ‘கொ’ என்பதிலும் சிக்கல் உண்டு. கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். காலுக்குப் பதிலாக ‘ர’ எழுத்தைத் தட்டியவர்களும் உண்டு. கண்ணுக்கு எல்லாம் ஒன்றே, கணினிக்கு அப்படியில்லை. படமாக வருடி ஏற்றப்பட்ட பழைய இதழ்களுக்குள் இந்தத் தேடல் பெரும்பாலும் எட்டாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலிங்கு:
பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை என்பதை யாராவது இங்கே மேற்கோள் காட்டுமுன் சொல்லிவிடுகிறேன்: அது உயர்கல்வி நிறுவனங்களில் ஆய்வேடு போன்றவற்றுக்கான அளவுகோல், இதழுக்குப் பொருந்தாது. பதினைந்து பத்திகளில் ஒரே ஒரு பத்தியைத் திருடினாலும் திருட்டுதான்.

பழைய பக்கம் கிடைத்தாலும் அதில் அச்சாகியிருக்கும் தேதியை அப்படியே நம்பாதீர்கள். வலைப்பூ வைத்திருப்பவர் அதை முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளலாம். இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்துவைக்கும், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கம் எந்த நாளில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். குறைந்தது அந்த நாளில் அது இருந்தது என்பது உறுதியாகும். இன்னொன்று, பழைய வலைப்பூவை எழுதியவரும் உங்கள் கட்டுரையாளரும் ஒருவராகவே இருக்கலாம். கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஊருணிக்கரை:
மூவருக்கும் நன்றி. மூலக்கோப்பில் ‘கலுங்கு’ என்பது ஓரிடத்தில் ‘களுங்கு’ என்று இருந்தது. அதை நானே திருத்தியிருக்கிறேன். பிழையோடு அந்த வரியைத் தேடியபோது வலைப்பூப் பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் ஒரு திரட்டியில் தலைப்பும் இரண்டு வரிகளும் கிடைத்தன. அங்கிருந்த சுட்டி இறந்துவிட்டது, ஆனால் வேபேக்கில் 2012இல் பதிவான படி இருந்தது. முக்கால் பங்கு அதே கட்டுரை, புனைபெயரில். கலிங்கு அவர்கள் சொன்னபடி முதலில் கேட்டேன். அந்தப் புனைபெயர் தம்முடையதே என்று சொல்லி, மூடிய வலைப்பூவின் கணக்கைத் திறந்து படம்பிடித்து அனுப்பினார். ‘புதிய எழுத்தா’ என்று நீங்கள் கேட்கவேயில்லை, ‘சொந்த எழுத்தா’ என்றுதானே கேட்டீர்கள் என்றும் சொன்னார். சரிதான். முன்பு வெளியான விவரத்தைக் கட்டுரையின் அடியில் சேர்த்துவிட்டோம், வாசகருக்கும் எழுதியாயிற்று. படைப்பு அனுப்புவோருக்கான விதிமுறையில் அந்த இரண்டு கேள்விகளையும் இப்போது தனித்தனியாகக் கேட்கிறோம்.