மண்பாதை பைக்கும் சாலை பைக்கும்: இரண்டையும் ஓட்டியவர்களின் அனுபவம் தேவை

கேள்வி: பெரம்பூர்வாசி

வணக்கம் நண்பர்களே. கல்லூரி நாள்களிலிருந்து சாலை பைக்குகளை மட்டுமே ஓட்டி வருகிறேன். இப்போது என்னிடம் இருப்பது யமஹா ஆர்15-இன் நான்காம் பதிப்பு. தினமும் பெரம்பூரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை, நீண்ட விடுமுறை கிடைத்தால் ஏலகிரி வரை செல்வதுண்டு.

அண்மையில் உறவினர் ஒருவரின் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி என்னும், மண்பாதைக்கும் ஏற்ற பைக்கைச் செங்கல்பட்டுக்கு அப்பால் ஓர் ஏரிக்கரை மண்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். மாட்டு வண்டித் தடம் பதிந்து காய்ந்து இறுகிய செம்மண் பாதை அது. என் ஆர்15 என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போயிருப்பேன். எக்ஸ்பல்ஸ் இரண்டாம் கியரில், கைப்பிடி சற்றே அசைந்தாலும் போகும் திசை மாறாமல், அந்தத் தடங்களை ஏறி இறங்கிக் கடந்துவிட்டது. ஆனால் சென்னைக்குத் திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. சாலை என்னும் நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழானது. மணிக்கு 90 கிலோமீட்டரை நெருங்கியதும் லாரிகள் தள்ளும் காற்றில் முன்பக்கம் அலைபாய்ந்தது. பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்தியது.

எண்களைப் பார்த்தால் எனக்கு விளங்கவில்லை. ஆர்15 155 சிசி, 18.4 பி.எஸ். (குதிரைத்திறன் அளவு); எக்ஸ்பல்ஸ் 199.6 சிசி, 19.1 பி.எஸ். திறன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் இரண்டும் இவ்வளவு வேறுபட்டு நடந்துகொள்வது ஏன்? நான் உணர்ந்த குறைகள் பழகினால் மறைந்துவிடுமா, அல்லது அந்த வகை வண்டிக்கே உரியவையா? பெரும்பாலும் நகரத்துக்குள் ஓட்டும் ஒருவர் ஆர்15-ஐ விற்றுவிட்டு இந்தப் பக்கம் வருவது அறிவுடைமையா? பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட மண்பாதை பைக்கை ஓட்டியவர்கள் இருந்தால், அது எக்ஸ்பல்ஸிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

பதில்: மேற்குத் தாம்பரம்

என்னிடம் முன்பு கே.டி.எம். 390 டியூக் என்னும் சாலை பைக் இருந்தது, இப்போது எக்ஸ்பல்ஸ் இருக்கிறது. ஆகவே நீங்கள் சொல்லும் இரண்டு நிலையும் எனக்குத் தெரிந்தவையே.

உச்சத் திறனை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது. அந்தத் திறன் எஞ்சினின் எந்தச் சுழற்சியில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கிடைக்கிறது என்று பாருங்கள். ஆர்15 தன் 18.4 பி.எஸ்.-ஐ 10,000 சுழற்சியில்தான் தருகிறது, எக்ஸ்பல்ஸ் 8,500-இலேயே தந்துவிடுகிறது. சக்கரத்தைத் திருப்பும் வலுவான முறுக்கு விசையிலும் ஆர்15-க்கு 7,500 சுழற்சியில் 14.2 நியூட்டன் மீட்டர் என்றால், எக்ஸ்பல்ஸுக்கு 6,500-இல் 17.35. மண்ணில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே இருக்கும்போது 10,000 சுழற்சியைத் துரத்திப் பிடிக்க எவராலும் முடியாது. கீழ்ச் சுழற்சியில், கிளட்ச்சை இரண்டு விரலால் தொட்டும் தொடாமலும் பிடித்து, இழுவை விடுபடாமல் ஏற வேண்டும். அந்த இடத்தில் உயர் சுழற்சிக்குச் செதுக்கிய எஞ்சின் மூச்சுத் திணறும்.

அடுத்தது சக்கரம். எக்ஸ்பல்ஸின் முன்சக்கரம் 21 அங்குலம், ஆர்15-க்கு 17. பெரிய சக்கரம் பள்ளத்தின் விளிம்பையோ கல்லையோ சாய்ந்த கோணத்தில் சந்திப்பதால் இடித்து நிற்காமல் ஏறிவிடுகிறது. குறுகிய டயர் தளர்ந்த மண்ணை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேடுகிறது. அதே சக்கரம் சாலையில் இரண்டு விதத்தில் பாதகம் செய்யும். சுழலும் விட்டம் பெரிது என்பதால் வளைவில் சாய்க்கக் கூடுதல் அழுத்தம் தர வேண்டும், தார்ச்சாலையில் பதியும் ரப்பரின் பரப்பும் குறைவு. பிரேக் பிடிக்கும்போது மூக்குக் குத்துவதற்குக் காரணம் சஸ்பென்ஷனின் ஓட்டம்: எக்ஸ்பல்ஸின் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தண்டுகள்) 190 மில்லிமீட்டர் வரை இறங்கும், ஆர்15-இல் 130 மட்டுமே. மண்ணில் உங்களைக் காப்பாற்றிய அதே 60 மில்லிமீட்டர்தான் ஜி.எஸ்.டி. சாலையில் உங்களை முன்னால் சாய்த்தது. காற்றில் அலைபாய்ந்ததற்கு அகன்ற கைப்பிடி, நிமிர்ந்து அமரும் நிலை, உயரத் தூக்கிவைத்த முன் மட்கார்ட் மூன்றுக்கும் பங்குண்டு.

பழகினால் இவற்றில் பாதி குறையும். பிரேக்கைச் சட்டென்று அழுத்தாமல் முதலில் மெல்லத் தொட்டு, ஃபோர்க் இறங்கியபின் அழுத்தத்தைக் கூட்டினால் மூக்குக் குத்துவது தெரியாது. ஆனால் 90-க்கு மேல் அந்த வண்டி உங்களுக்காக எதையும் செய்யாது. விழுப்புரம் வரை நான்கு வழிச்சாலையில் போவது உங்கள் வழக்கம் என்றால் ஆர்15-ஐ விற்காதீர்கள். நகரத்தில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் இவ்வளவு உயரமான வண்டி தேவையில்லை என்பதே என் எண்ணம்.

பதில்: சோழவரத்தான்

பந்தயத்துக்கான மண்பாதை பைக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நண்பர் ஒருவர் வைத்திருக்கும் கவாசாகி கே.எக்ஸ் 250-ஐத் தனியார் மைதானத்தில் ஓட்டியிருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் சாலை பைக் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். ஊர்ப்பெயரைக் கண்டு கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் ஊரின் பழைய விமான ஓடுதளத்தில்தான், இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. நான் வண்டி ஓட்டத் தொடங்கியபோது அதெல்லாம் முடிந்துபோயிருந்தது.

கே.எக்ஸ்-இல் முகப்பு விளக்கு கிடையாது, ஸ்பீடோமீட்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது, ஆர்.சி. புத்தகமும் கிடையாது. குட்டி யானையில் ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டு வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரைகூட ஓட்டிச் செல்லச் சட்டம் இடம் தராது. எடை 110 கிலோவுக்கும் குறைவு, அதாவது 158 கிலோ எக்ஸ்பல்ஸைவிட ஒரு மூட்டை சிமென்ட் இலகு. இருக்கை உயரமோ ஏறத்தாழ 950 மில்லிமீட்டர். ஏறி அமர்ந்தால் ஒரு காலின் நுனிவிரல்தான் தரையைத் தொடும், ஆனால் சஸ்பென்ஷன் 300 மில்லிமீட்டருக்கு மேல் ஓடும். ஆக்சிலரேட்டரைத் திருகியதும் கிடைக்கும் எதிர்வினை எக்ஸ்பல்ஸில் கேள்விப்படாதது. எக்ஸ்பல்ஸ் ஓட்டுநரின் தயக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், கே.எக்ஸ் பொறுக்காது, மேட்டில் தயங்கினால் அங்கேயே படுத்துவிடும். பராமரிப்புக் கணக்கும் கிலோமீட்டரில் அன்று, எஞ்சின் ஓடிய மணியில்தான். பிஸ்டனே நுகர்பொருள்களில் ஒன்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஓட்டும் முறையில் இரண்டும் நேரெதிர் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் வளைவுக்குள் நுழையும்போது பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது, உடலை உட்பக்கம் இறக்கி வண்டியைக் கூடியவரை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது. அப்போதுதான் டயரின் அகன்ற பகுதி தரையில் பதிந்திருக்கும். மண்ணில் உடல் நிமிர்ந்திருக்க, வண்டியை மட்டும் அடியில் சாய்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க்கை ஒட்டி முன்னால் நகர்ந்து, வெளிப்பக்கக் கால்மிதியில் எடையை ஊன்றி, உட்காலை முன்சக்கரத்தை நோக்கி நீட்டி, முழங்கைகளை உயர்த்திக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் வழுக்கும் என்பதை எதிர்பார்த்தே வளைவுக்குள் போகிறோம். வழுக்கிய டயர் மீண்டும் பிடித்துக்கொள்ளும்போது எடை வெளிக்காலில் இருந்தால் வண்டி உங்களைத் தூக்கி எறியாது. சாலை பைக்கில் ஊறியவர்கள் மண்ணில் முதலில் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் பின்சக்கரம் நகர்ந்தவுடன் கை தானாகவே ஆக்சிலரேட்டரை மூடுகிறது. மூடியவுடன் எடை முன்சக்கரத்துக்குப் போய், மணலில் அது புதைகிறது. மண்ணில் பயின்றவர்களுக்குச் சாலையில் கிடைக்கும் ஆதாயமோ மிகப் பெரிது. மழையில் நனைந்த மேம்பாலத்தின் இரும்பு இணைப்பில் பின்சக்கரம் ஒரு கணம் நகர்ந்தால் அவர்கள் பதறுவதில்லை.

நம் நாட்டிலிருந்து டாக்கர் என்னும் நெடுந்தூரப் பாலைவனப் பந்தயம் வரை போனவர்களின் தொடக்கத்தையும் பாருங்கள். 2015-இல் அதில் பங்கேற்று முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷும், 2024-இல் ராலி 2 பிரிவை வென்ற ஷொர்ணூர் ஹரித் நோவாவும் மண் மேடுபள்ளத் தடங்களில் நடக்கும் மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் பந்தய மைதானங்களிலிருந்து வந்தவர்கள்.

பதில்: அண்ணா நகர் கிழக்கு

தாம்பரம் நண்பர் தந்த விளக்கம் முழுவதையும் ஏற்கிறேன், கடைசி வாக்கியத்தைத் தவிர. நகரத்துக்கு உயரமான வண்டி தேவையில்லை என்கிறார். அவர் எந்த நகரத்தில் ஓட்டுகிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. மெட்ரோ பணிக்காகத் திருப்பிவிடப்பட்ட தெருக்களில், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடிய பள்ளங்களின் மேல், வண்ணம் பூசாத வேகத்தடைகளைத் தாண்டித்தான் நான் தினமும் அலுவலகம் போகிறேன். சாலை பைக்கில் போனபோது ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக், கியர் குறைப்பு, மீண்டும் கியர் என்று மணிக்கட்டு ஓய்ந்துவிடும். இப்போது கால்மிதியில் சற்று எழுந்து நின்றால் போதும், வண்டி தானே ஏறி இறங்கிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கும்போது தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதன் அருமை தெரியும். வெள்ளத்துக்குள் ஓட்டச் சொல்லவில்லை. சக்கரத்தின் அச்சுக்கு மேல் தண்ணீர் இருந்தால் எந்த வண்டியானாலும் திரும்பிவிடுவதே முறை.

பெண்களும் உயரம் குறைந்த ஆண்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் உயரத்தைப் பற்றியும் எழுதுகிறேன். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வாங்குவதற்கு முன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐயும் எக்ஸ்பல்ஸையும் ஓட்டிப் பார்த்தேன். ஹிமாலயனின் இருக்கை 800 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸுக்கு 825. விளம்பரத் தாளின்படி எனக்கு ஏற்றது ஹிமாலயன். ஆனால் அது 199 கிலோ. சரிவான இடத்தில் நிறுத்தி, காலால் உந்திப் பின்னால் நகர்த்த முயன்றபோது அந்த எடை முழுவதும் என் முழங்காலுக்கு வந்தது. எக்ஸ்பல்ஸில் ஒரு கால்தான் நன்றாக ஊன்றுகிறது என்றாலும், இருக்கை குறுகலாகவும் வண்டி 40 கிலோ இலகுவாகவும் இருப்பதால், கீழே விழுந்தாலும் நானே தூக்கி நிறுத்துகிறேன். இருக்கையின் உயரத்தை மட்டும் பார்த்து அஞ்சி விலகாதீர்கள்; கடைக்காரரைச் சமதளமல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டு ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். மண்பாதையே ஓட்டாவிட்டாலும் இந்த ஊருக்கு இதுவே பொருத்தமான வண்டி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பதில்: புதுப்பேட்டை மெக்கானிக்

தம்பி, எல்லோரும் ஓட்டுவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். வண்டி பட்டறைக்கு வரும்போது எங்கள் கண்ணில் படுவதை நான் சொல்கிறேன்.

மண்பாதையில் ஓடும் வண்டிக்கு முதல் எதிரி தூசி. கோடையில் ஏரிக்கரைச் செம்மண்ணில் கூட்டமாகப் போனால், பின்னால் வருபவரின் ஏர் ஃபில்டர் ஒரே நாளில் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். சாலை பைக்குக்கான சர்வீஸ் அட்டவணையை நம்பி அதை அப்படியே விட்டுவிட்டால் தூசி சிலிண்டரைத் தேய்க்கத் தொடங்கும். அடுத்தது ஃபோர்க் தண்டிலிருந்து எண்ணெய் கசியாமல் காக்கும் ஆயில் சீல். சேறு காய்ந்து தண்டில் ஒட்டியிருக்கும்போது வண்டியை ஓட்டினால் அது சீலின் உதட்டைக் கிழித்துவிடும். எண்ணெய் கசிந்து முன் பிரேக் டிஸ்க்கில் இறங்கினால் பிரேக் போய்விடும். ஓட்டி முடித்து வந்தவுடன் ஈரத்துணியால் அந்தத் தண்டைத் துடைப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகுமா? ஸ்போக் கம்பிகளையும் அவ்வப்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தம் தரும்.

ஆர்15-இல் ட்யூப்லெஸ் டயரும் அலாய் சக்கரமும் உள்ளன. ஆணி குத்தினாலும் மெல்ல ஓட்டிப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். நீங்கள் ஓட்டிய எக்ஸ்பல்ஸில் ஸ்போக் சக்கரம், உள்ளே ட்யூப். ஆணி குத்தினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். மண்ணில் பிடிப்பு வேண்டுமென்று சிலர் காற்றை மிகவும் இறக்கிவிடுகிறார்கள். அளவோடு இறக்கினால் நல்லது. அதிகம் இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பாம்புக்கடி போல் இரண்டு துளை விழும், அல்லது டயர் ரிம்மில் சுழன்று வால்வை அறுத்துவிடும். ஆகவே டயர் நெம்பும் கம்பி இரண்டு, உதிரி ட்யூப், கைப்பம்பு இவற்றைப் பையில் வைத்துக்கொள்ளாமல் மண்பாதைக்குப் போகாதீர்கள்.

கடற்கரை மணலில் ஓட்டிப் பழகலாமா என்று பட்டறைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். உப்பு செயினையும் ரிம்மையும் அரித்துவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அங்கே டயரை இறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: பெரம்பூர்வாசி

அனைவருக்கும் நன்றி. ஆர்15-ஐ இப்போதைக்கு வைத்துக்கொண்டு, பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்றைத் தேடுவது என்று எண்ணியிருக்கிறேன். ஒரே ஒரு ஐயம் மிச்சம். அதற்குக் கட்டம் கட்டமான பட்டன் டயர் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கும் ஓட்டலாமா? நீண்ட சஸ்பென்ஷனைத் தனியாக வாங்கி மாட்டினால் ஆர்.டி.ஓ. தொல்லை வருமா?

பதில்: மேற்குத் தாம்பரம்

பட்டன் டயர் மண்ணில் கடித்துப் பிடிக்கும், ஆனால் தார்ச்சாலையில் தரையைத் தொடுவது அந்தக் கட்டங்களின் மேல்முகம் மட்டுமே. நனைந்த சாலையில் பிரேக் தூரம் நீளும், வளைவில் கட்டங்கள் மடங்கி நெளியும், தினமும் அம்பத்தூர் போய் வந்தால் நடுவரிசை விரைவில் தேய்ந்து தட்டையாகிவிடும். வண்டியோடு வரும், சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான இருபயன் டயரையே வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரைச் செம்மண்ணுக்கு அது போதும், ஆழமான சேற்றிலும் மணலிலும்தான் திணறும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே அளவில் மாற்றுங்கள்.

சஸ்பென்ஷன் வேறு விவகாரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க இடமுண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே காரணமாகக் காட்டலாம். முன்னால் 250, பின்னால் 220 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள சஸ்பென்ஷன் வேண்டுமென்றால், அது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் 4வி ப்ரோ வகையைத் தேடுங்கள். அதன் இருக்கை 891 மில்லிமீட்டர் என்பதால், அண்ணா நகர் சகோதரி சொன்னபடி சரிவில் நிறுத்தி நகர்த்திப் பார்த்தபின் முன்பணம் கொடுங்கள். பழைய வண்டி என்றால் வாங்கும் முன் ஃபோர்க் தண்டின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.