பத்தாயிரம் வெள்ளி வாடகையா, விலையா?

பிறை பாலா:
குடும்ப வாட்சாப் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார்: "பினாங்கு கெடாவின் நிலம். இன்னும் வருடா வருடம் வாடகை வாங்குகிறோம். காலி பண்ணச் சொன்னால் பண்ண வேண்டும்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1800-ல் பக்கத்து மாநிலமான கெடாவின் சுல்தான் ஜியாவுதீன், தீவுக்கு எதிரே மூடா ஆற்றிலிருந்து கிரியான் ஆறு வரை உள்ள கடற்கரையை (இன்றைய செபராங் பிறைப் பகுதி) பினாங்கின் ஆங்கிலேய ஆளுநர் சர் ஜார்ஜ் லீத்திடம் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்த நிலத்துக்கு வாடகை ஏது?

கூலிம் வேங்கை:
அதே ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றியும் இருக்கிறதே அண்ணே, அது கண்ணில் படவில்லையா? தீவும் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் கையில் இருக்கும் வரை ஆண்டுக்கு 10,000 வெள்ளி (டாலர்). விலைக்கு வாங்கியவன் எதற்கு வருடா வருடம் கட்ட வேண்டும்?

பிறை பாலா:
மாதா மாதம் வரும் என் பென்ஷனும் வாடகையா?

கூலிம் வேங்கை:
பென்ஷனை விடுங்கள். 1786-ல் சயாமிடமிருந்து (இன்றைய தாய்லாந்து) காப்பாற்ற ஆள் வேண்டும் என்றுதான் அப்போதைய கெடா சுல்தான் தீவில் இடம் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் இறங்கிய பிறகு கம்பெனி கைவிரித்தது. 1791-ல் சுல்தான் எதிர்க்கரையில் உள்ள பிறையில் படை திரட்டினார், லைட் அதை அடித்துச் சிதறடித்து, ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்று கையெழுத்து வாங்கினான். 1800-ல் அதுவே 10,000 ஆனது. அடித்து வாங்கிய கையெழுத்து விற்பனைப் பத்திரமா?

நிபோங் திபால் மீனா:
எல்லாரும் கெடாவையே பேசுகிறீர்கள். செபராங் பிறையின் தெற்கு எல்லையை 1874 பாங்கோர் ஒப்பந்தத்தில் தெற்கே உள்ள பேராக் மாநிலத்தோடு பேசித் திருத்தினார்கள். அதே ஒப்பந்தத்தில் எடுத்த டிண்டிங்ஸ் என்ற பேராக் கடலோரப் பகுதி 1935-ல் பேராக்குக்கே திரும்பிப் போனது. அதற்கு யார் வாடகை கேட்டார்கள்?

கூலிம் வேங்கை:
பேராக்குக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்ததல்லவா? கெடாவுக்கு மட்டும் ஏன் முடியவில்லை? 10,000 வெள்ளிக்குப் பதில் வரட்டும்.

சோழன் பேரன்:
ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரம், அதாவது இந்தக் கெடாவை வென்றான். அப்படிப் பார்த்தால் வாடகை தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும்.

நிபோங் திபால் மீனா:
வந்துவிட்டார். போன மாதம் தோட்டக் கோயில் பற்றிய விவாதத் திரியையும் இவர்தான் இப்படிக் குட்டிச்சுவராக்கினார்.

சோழன் பேரன்:
அங்கே பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும் அக்கா.

ஜார்ஜ்டவுன் செல்வம்:
அக்கரைக்காரர்களுக்கு வேறு வேலையே இல்லையா? தீவு இல்லாவிட்டால் உங்களை யார் கேட்டிருப்பார்கள்?

பிறை பாலா:
நிலப்பரப்பில் செபராங் பிறை உங்கள் தீவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். விமான நிலையத்தைத் தவிர எதற்கெடுத்தாலும் இங்கேதான் வருகிறீர்கள். யாரைப் பார்த்து அக்கரை என்கிறீர்கள்?

கூலிம் வேங்கை:
இரண்டு கரையும் குடிக்கும் தண்ணீர் மூடா ஆற்றுத் தண்ணீர், அது கெடா மலையிலிருந்து வருகிறது. அதற்கும் காசு தரமாட்டோம் என்கிறீர்கள்.

பிறை பாலா:
ஆறுதான் எல்லை. எங்கள் கரையில் எடுக்கிறோம். 1826-ல் சயாமே பினாங்கு ஆங்கிலேயருடையது என்று ஒப்புக்கொண்டது.

கூலிம் வேங்கை:
1821-ல் கெடாவைப் பிடித்துக்கொண்ட சயாம், கெடா நிலத்துக்குச் சாட்சியா? நல்ல நியாயம். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை அண்ணே: சொந்த நிலம் என்றால் அந்த 10,000 வெள்ளி எதற்கு?