‘95 சதவீதம் துல்லியம்’ என்று விற்கப்படும் சாட்பாட்டை வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

கோப்புப்பெட்டி:
வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு ஏ.ஐ. சாட்பாட் வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. விற்பவர்கள் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பதில்களில் 95 சதவீதம் சரியாக இருக்குமாம். 70 சதவீதக் கேள்விகள் ஊழியர் கைபடாமலே முடிந்துவிடுமாம். நம் ஆவணங்களிலிருந்து மட்டுமே பதில் எடுப்பதால் இட்டுக்கட்டிச் சொல்ல வாய்ப்பே இல்லையாம். டெமோ பிரமாதமாக இருந்தது, ஆனால் அதில் கேட்ட கேள்விகள் எல்லாம் அவர்களே கொண்டுவந்தவை. எங்களிடம் சுமார் 400 உதவிப் பக்கங்களும் ஏராளமான பழைய டிக்கெட்டுகளும் (வாடிக்கையாளர்கள் அனுப்பிய கேள்வி, புகார்களின் பதிவுகள்) உள்ளன. கேள்விகள் ஆங்கிலத்தில், தமிழில், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில் என்று கலந்து வரும். கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் நாமே சரிபார்க்க வழி என்ன? ஏ.ஐ. நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேண்டாம், செய்முறைதான் வேண்டும்.

எண்ணிப்பார்:
95 என்பது எதில் 95 என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். யாருடைய கேள்விகள், மொத்தம் எத்தனை, திருத்தியது யார்? இன்னொரு ஏ.ஐ. மாடலை வைத்துத் திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் மனிதர் திருத்தியதோடு எவ்வளவு ஒத்துப்போனது என்ற கணக்கும் வேண்டும். அது இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுத்தள்ளுங்கள். எம்.எம்.எல்.யூ. போன்ற பொது பென்ச்மார்க் (எல்லா மாடல்களுக்கும் வைக்கும் பொதுத் தேர்வு) மதிப்பெண்ணைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். அது நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலே 25 சதவீதம் வரும். உங்கள் வாடிக்கையாளர் யாரும் நான்கு விடைகளைக் கொடுத்துக் கேள்வி கேட்பதில்லை.

சோதனைத் தாளை நீங்களே தயாரியுங்கள். கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளிலிருந்து 250 கேள்விகளை ரேண்டமாக எடுங்கள். ‘நல்ல’ கேள்வியாகப் பொறுக்கக் கூடாது. எழுத்துப்பிழை, பாதியில் நிற்கும் வாக்கியம், ஒரே செய்தியில் இரண்டு கேள்வி எல்லாம் அப்படியே இருக்கட்டும். கூடவே, உங்கள் ஆவணங்களில் பதிலே இல்லாத 50 கேள்விகளை எழுதிச் சேருங்கள்: நிறுத்திவிட்ட சேவை, இல்லாத சலுகை, தவறான அனுமானத்தோடு தொடங்கும் கேள்வி (வாரண்டியே இல்லாத பொருளுக்கு ‘வாரண்டியை எப்படி நீட்டிப்பது?’). சோதனையின் உயிர் இந்த 50-ல்தான் இருக்கிறது. சாட்பாட்டுக்குள் இருக்கும் மொழி மாடல் அடுத்து வரத்தக்க டோக்கனைக் (சொல் அல்லது சொல்லின் துணுக்கு) கணித்துக்கொண்டே போகிறது. விஷயம் கையில் இல்லாதபோதும் வாக்கியம் தடுமாறாது. 2025 செப்டம்பரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏ.ஐ. நிறுவனத்தின் ஆய்வாளர்களே வெளியிட்ட கட்டுரையும் இதைத் தொடுகிறது: ‘தெரியாது’ என்றால் பூஜ்யம், ஊகித்தால் மதிப்பெண் கிடைக்கலாம் என்று தேர்வுகள் அமைந்திருப்பதால் மாடல்களுக்கு ஊகிப்பதே லாபமாகிவிடுகிறது.

திருத்தும்போது சரி, தவறு என்று இரண்டே கட்டம் போடாதீர்கள். சரி, பாதி சரி, ‘தெரியாது’ என்று ஒதுங்கியது, உறுதியாகச் சொன்ன தவறு என்று நான்கு வேண்டும். நான்காவதை மட்டும் தனியாக எண்ணுங்கள், பணமும் பெயரும் போவது அதில்தான். சரியான விடையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். சாட்பாட்டின் பதிலைப் படித்த பிறகு விடை எழுதினால், அதன் சரளமான நடை உங்கள் கையையும் இழுத்துவிடும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் முடிவும் நிற்காது. 100 கேள்வியில் 95 சரி என்றால், உண்மையான விகிதம் சுமார் 89 முதல் 98 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 100 கேள்வியில் ஒரு தவறுகூட வரவில்லை என்றாலும், 3 சதவீதம் வரை தவறு ஒளிந்திருக்க இடமுண்டு (3-ஐ கேள்வி எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அந்த உச்சவரம்பு). ஒரு வேலைக்கு அடுத்தடுத்து ஐந்து படிகள் தேவை, ஒவ்வொன்றிலும் 95 சதவீதம் சரி என்றால், முழு வேலையும் சரியாக முடிவது சுமார் 77 சதவீதம்தான். பல படி வேலைகளைத் தானே செய்யும் ‘ஏஜென்ட்’ என்ற பெயரில் விற்கும்போது இந்தப் பெருக்கலை யாரும் காட்டுவதில்லை.

தேடுகருவி:
மூன்றாவது வாக்குறுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘ஆவணத்திலிருந்து மட்டும்’ என்பதன் பொருள், கேள்விக்கு நெருக்கமான சில பத்திகளைத் தேடி எடுத்து மாடலின் முன் வைப்பது. ஆர்.ஏ.ஜி. என்று சொல்வது இதைத்தான். இட்டுக்கட்டுவது இதனால் குறையும், நிற்காது. சட்டத்துறைக்கென்று விற்கப்பட்ட இத்தகைய கருவிகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2024-ல் சோதித்தபோது, 17 முதல் 33 சதவீதம் வரை பதில்களில் பிழையோ ஆதாரமற்ற கூற்றோ இருந்தது. அவையும் ‘இட்டுக்கட்டாது’ என்ற விளம்பரத்தோடு வந்தவைதான்.

எங்கே உடைகிறது என்று பாருங்கள். ஆவணத்தை 500 டோக்கன் அளவில் துண்டு போடுவது வழக்கம். ‘14 நாளுக்குள் திருப்பித் தரலாம்’ ஒரு துண்டில் விழும், ‘தள்ளுபடியில் வாங்கியவை நீங்கலாக’ அடுத்த துண்டில் விழும். முதல் துண்டு மட்டும் தேடலில் வந்தால், ஆவணத்தை ஒழுங்காகப் படித்தே தவறான பதிலைச் சொல்லும். அட்டவணை நடுவில் வெட்டுப்பட்டால் எண்கள் ஒரு பக்கம், தலைப்பு ஒரு பக்கம். இன்னொரு சிக்கல், ‘பணம் திரும்பக் கிடைக்கும்’, ‘பணம் திரும்பக் கிடைக்காது’ இரண்டின் வெக்டர்களும் (பொருளைக் குறிக்கும் எண் வரிசைகள், தேடல் இவற்றை வைத்தே நடக்கிறது) பெரும்பாலும் நெருங்கி உட்காரும், தேடல் அவற்றைப் பிரித்தறியத் தடுமாறும். போன வருட விதிமுறைப் பக்கம் நீக்கப்படாமல் இருந்தால் அதுவும் சம உரிமையோடு வந்து நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு பதிலுக்கும் எந்தத் துண்டுகள் எடுக்கப்பட்டன என்ற பதிவை (லாக்) கேளுங்கள். ஆவணத்தில் பதில் உள்ள 50 கேள்விகளுக்கு, சரியான துண்டு முதல் ஐந்துக்குள் இருந்ததா என்று மட்டும் முதலில் பாருங்கள். இல்லையென்றால் கோளாறு தேடலில். எவ்வளவு விலை உயர்ந்த மாடலைப் போட்டாலும் தீராது. தலைப்பு வாரியாக வெட்டுவது, அட்டவணையின் ஒவ்வொரு வரிசையோடும் தலைப்பைச் சேர்ப்பது, பழைய பக்கங்களை எடுத்துவிடுவது, இவற்றில்தான் பலன். சரியான துண்டு இருந்தும் பதில் தவறு என்றால்தான் மாடலைக் குற்றம் சொல்ல வேண்டும்.

ஆதாரமாக லிங்க் கொடுக்கிறதே என்று சும்மா இருக்கவும் வேண்டாம். ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குச் சலுகைக் கட்டணம் பற்றித் தவறாகச் சொன்னது, அதே பதிலில் கொடுத்த லிங்கில் நேர்மாறான விதி இருந்தது. சாட்பாட் தனிப் பொறுப்புள்ள ஒன்று என்ற வாதத்தை 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று ஏற்கவில்லை. நிறுவனம்தான் பணம் கட்ட நேர்ந்தது.

பதினைந்துபைட்:
மொழி விஷயத்தை யாரும் தொடவில்லையே. ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். தமிழ் குறைவாகச் சேர்க்கப்பட்ட டோக்கனைசர் (வாசகத்தை டோக்கன்களாகப் பிரிக்கும் பகுதி) இதைச் சுக்குநூறாக உடைக்கும். 2024 மே மாதம் ஜி.பி.டி-4ஓ மாடல் வந்தபோது ஓப்பன்ஏ.ஐ. தந்த எடுத்துக்காட்டில், தமிழ்ப் பத்தி ஒன்று பழைய டோக்கனைசரில் 116 டோக்கன், புதியதில் 35. அதற்கு இணையான ஆங்கிலப் பத்தி 27-லிருந்து 24 ஆனது. எனவே பில் டோக்கன் கணக்கில் என்றால், எந்த மாடல் என்று கேட்டு, உங்கள் தமிழ் டிக்கெட்டுகளையே ஓட்டி எண்ணுங்கள். ஆங்கிலத்தில் காட்டிய செலவுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஆங்கில எழுத்துத் தமிழ் இதைவிடச் சிரமம். ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-எச் அடிப்பார், இன்னொருவர் வெறும் எல். உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தால் தேடல் இங்கேதான் அதிகம் வழுக்கும். 40 கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று வடிவிலும் கேட்டு, மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் போடுங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் இந்தப் பள்ளம் தெரியவே தெரியாது.

நிபந்தனைவாசி:
70 சதவீதம் ‘முடிந்தது’ என்பதை எப்படி எண்ணுகிறார்கள்? வெறுத்துப்போய் பாதியில் விண்டோவை மூடியவரையும் ‘முடிந்தது’ கணக்கில் சேர்ப்பது பரவலான பழக்கம். அதே வாடிக்கையாளர் 7 நாளுக்குள் அதே பிரச்சினைக்காக போன், மெயில், சாட் எந்த வழியில் திரும்பி வந்தாலும் முடியவில்லை என்றே எண்ண வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஊழியர்களிடம் ‘உதவியாக இருக்கிறதா’ என்று கேட்டு மட்டும் முடிவெடுக்காதீர்கள். 2025-ல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்கள் செய்த 246 வேலைகளுக்கு நேரம் பார்த்தது. ஏ.ஐ. கருவியோடு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது, அவர்களோ 20 சதவீதம் மிச்சமானதாக நம்பினார்கள்.

மாடலின் பதிப்பை ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள். அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த 300 கேள்விகளை மறுபடி ஓட்ட வேண்டும். டெம்பரேச்சரை (பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம் என்று தீர்மானிக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்தாலும் ஒரே கேள்விக்கு ஒரே பதில் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது, அதனால் முக்கியமான கேள்விகளை ஐந்து முறை கேட்டுப் பாருங்கள். பணம் திருப்பித் தரவோ கணக்கை மாற்றவோ சாட்பாட்டுக்கு நேரடி அனுமதி கொடுக்காதீர்கள். ‘முந்தைய கட்டளைகளை மற’ என்று எழுதி சாட்பாட்டை ஏமாற்றும் வகைச் செய்திகளுக்கு முழுமையான தடுப்பு இன்றுவரை இல்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இந்தத் தொழில்நுட்பம் வீண் இல்லை. ஊழியருக்கு வரைவுப் பதிலைக் கொடுத்து, அவர் படித்துத் திருத்தி அனுப்பும் முறையில் நன்றாகவே உழைக்கும். தானாகப் பதில் சொல்ல விடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கோப்புப்பெட்டி:
மிக்க நன்றி. துண்டுகளின் லாக் தொழில் ரகசியம், தர முடியாது என்கிறார்கள். திருத்த எவ்வளவு ஆள் நேரம் ஆகும்?

எண்ணிப்பார்:
ஒரு பதிலுக்கு 2 நிமிடம் என்றால் 300-க்கு 10 மணி நேரம். இருவர் தனித்தனியாகத் திருத்த 20 மணி. இருவரும் முரண்படுகிற பதில்களை மூன்றாவது ஆள் பார்க்கட்டும், அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

தேடுகருவி:
லாகில் இருப்பது உங்கள் ஆவணத்தின் பத்திகள்தான். அவர்களுடைய ரகசியம் அதில் எதுவும் இல்லை. அதைத் தராதவரிடம் வாங்கினால், தவறான பதில் ஒன்று போனபின் அது ஏன் போனது என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த நிபந்தனையில் இறங்கி வராதீர்கள்.