புதுப்பிப்பு: என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமில் வீதி நாடகம், இரண்டு திருத்தங்கள்

வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடி, அணைக்கட்டு ஊர்ப் பக்கம் 7 நாள் முகாம் போகும் மாணவர் தலைவர்களுக்காக எழுதிய முந்தைய பதிவில், மாலை 4 மணிக்கு நாடகம், 20 பேர் நடிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். இரண்டும் தப்பு.

4 மணிக்கு நம்மூர் வெயில் இறங்காது, வேலைக்குப் போனவர்களும் திரும்பியிருக்க மாட்டார்கள். 6.30 சரி. தெருவிளக்குக்கு நேர் கீழே நிற்காதீர்கள், முகம் இருண்டுவிடும். நாலடி தள்ளி, வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள்.

நடிக்க 8 பேர் போதும். மீதிப் பேரில் ஒருவர் முன்வரிசைப் பிள்ளைகளை உட்காரவைக்க, ஒருவர் வண்டிகளுக்கு வழிவிட. இதை முன்கூட்டியே பெயர் சொல்லிப் பிரிக்காத தலைவர், நாடகத்தின் நடுவே கத்திக்கொண்டிருப்பார். 15 நிமிடத்தைத் தாண்டினால் கூட்டம் கலையும்.

நாடகத்துக்கு அடிக்கும் பறைதான் பலரும் கோட்டைவிடும் இடம். மார்கழிப் பனியில் தோல் தொய்ந்து 'பொத் பொத்' என்று ஒலிக்கும். வைக்கோல் தீயில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வட்டமாகத் திருப்பிக்கொண்டே காய்ச்சுங்கள். நடுவில் தட்டிப் பாருங்கள். கணீரென்றதும் எடுத்துவிட வேண்டும். கிட்டே பிடித்தால் தோல் கருகும், விளிம்பில் ஒட்டியது விட்டுப்போகும். மைதானத்தில் காய்ச்சிவிட்டு ஊர்வலமாக வந்தால் அதற்குள் மறுபடி தொய்யும், ஆட்டம் நடக்கும் தெருவிலேயே காய்ச்சுங்கள்.

ஒத்திகை நேரத்தையும் அன்றன்றே நாட்குறிப்பில் ஏற்றி, திட்ட அலுவலர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒவ்வொருவரும் காட்ட வேண்டிய, ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு கடைசி வாரத்தில் ஒருபோதும் சேராது.