கானாடுகாத்தான் ஷெட்டில் நிற்கும் 1977 பென்ஸ் 240டி: முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்னென்ன பார்க்கணும்?

வளவுவீடு (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் ஒரு மெர்சிடிஸ் 240டி நிக்குது. டபிள்யூ123 பாடி, 1977 மாடல், வெள்ளை, கை கியர். 2011க்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணல. பேட்டரியைக் கழட்டி வச்சாச்சு. டேங்கில் பாதிக்கு மேல பழைய டீசல் அப்படியே கிடக்கு. பிரேக் பெடல் தரை வரைக்கும் போகுது. ரேடியேட்டரில் காலங்காலமா போர் தண்ணிதான் ஊத்தியிருக்காங்க. காரைக்குடியில் ரெண்டு மெக்கானிக்கைக் கேட்டேன். ஒருத்தர், டிராக்டரில் கட்டி இழுத்து கியரில் போட்டா கிளம்பிடும்ங்கிறார். இன்னொருத்தர், பார்ட்ஸ் கிடைக்காது, வேற இன்ஜின் மாத்திடுங்கன்னு சொல்றார். வண்டி ஒரிஜினலா இருக்கணும்ங்கிறதுதான் என் ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்கிறது?

டீசல்_பள்ளத்தூர்:
அண்ணே, டிராக்டர் யோசனையை முதல்ல விடுங்க. இத்தனை வருஷம் நின்ன இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோட ஒட்டியிருக்கலாம். இழுத்துத் திருப்பினா ரிங் உடையும், இல்லேன்னா டைமிங் செயின் தாவி வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். கையால திருப்பிப் பார்க்காம ஸ்டார்ட்டரைக்கூடத் தொடக் கூடாது.

27 மி.மீ. நீள சாக்கெட் போட்டு நாலு இன்ஜெக்டரையும் கழட்டுங்க. அந்த ஓட்டை வழியா ஒவ்வொரு சிலிண்டருக்கும் 10 மில்லி, ஏடிஎஃப் (ஆட்டோ கியர் ஆயில்) பாதி டீசல் பாதி கலந்து விடுங்க. இது ப்ரீ-சேம்பர் இன்ஜின், அதாவது இன்ஜெக்டருக்குக் கீழ தனியா ஒரு சின்ன அறை இருக்கும். எண்ணெய் சின்னத் துளைகள் வழியாத்தான் பிஸ்டன் மேல இறங்கும், அதனால ரெண்டு நாள் விட்டுவைக்கணும். சீக்கிரம் இறங்கட்டும்னு அதிகமா ஊத்தினா, மேல வர்ற பிஸ்டனுக்கு எண்ணெயை அமுக்க இடமிருக்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்டில் 27 சாக்கெட் மாட்டி, முன்னால நின்னு பார்த்தா கடிகாரம் சுத்துற திசையில் மட்டும் மெதுவா திருப்புங்க. பின்னோக்கித் திருப்பினா செயின் டென்ஷனர் தளரும். ரெண்டு முழுச் சுத்து எங்கேயும் முட்டாம வந்துட்டா பாதிக் கவலை தீர்ந்தது. எங்கேயாவது முட்டினா பலம் கொடுக்காதீங்க, மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்க.

கழட்டின இன்ஜெக்டரை டீசல் பம்ப் வேலை பார்க்கிற கடையில் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. புது நாசில் (இன்ஜெக்டர் முனை) 115 முதல் 125 பார் அழுத்தத்துக்குள்ள திறக்கணும். பழசு 100 பாருக்குக் கீழ இறங்கினா அதை வச்சு ஓட்டாதீங்க. திரும்பப் பூட்டும்போது அடியில் இருக்கிற மெல்லிய ஹீட் ஷீல்டு வாஷர் நாலும் புதுசு. பழசு எந்தப் பக்கம் மேல பார்த்து இருந்ததோ அதே மாதிரி. முறுக்கு 70 முதல் 80 நியூட்டன் மீட்டர்.

அடுத்தது டீசல். பழைய டீசலோட அடியில் தண்ணி நிக்கும், தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல கறுப்புக் கூழ் வளர்ந்திருக்கும். 65 லிட்டர் டேங்கை முழுசா வடிச்சிடுங்க. அடியில் பெரிய திருகு ஒண்ணு இருக்கு, 46 மி.மீ. சாக்கெட் வேணும். அதோட சேர்ந்து வலை ஃபில்டர் வெளிய வரும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, பாதி வலை அடைச்சிருந்தாலே வண்டி 60 கி.மீ. வேகத்துக்கு மேல மூச்சு வாங்கும். டேங்க் வேலை முடியிற வரை காத்திருக்க வேணாம். 5 லிட்டர் கேனில் புது டீசல் வச்சு, கண்ணாடி மாதிரி தெரியிற குழாயால் பம்ப்புக்கு சப்ளை, ரிட்டர்னும் அதே கேனுக்கே. குழாயில் குமிழி ஓடினா காத்து உள்ள வருதுன்னு அர்த்தம். பெரும்பாலும் பழைய வெள்ளைக் குமிழ் கை பம்ப்தான் காத்து இழுக்கும், கறுப்புக் குமிழ் வச்ச புது பாஷ் பம்ப் மாத்திடுங்க. இன்ஜெக்டருக்கு இடையில் ஓடுற துணி சுத்தின ரிட்டர்ன் குழாயும் தொட்டாலே உதிரும், அதையும் மாத்தணும். ஃபில்டர் ரெண்டு: முன்னால சின்ன பிளாஸ்டிக், அப்புறம் திருகு வகை. திருகு வகையில டீசலை நிரப்பியே பூட்டுங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால ரொம்ப முக்கியமா ஒண்ணு. நின்ன வண்டியில் டீசல் பம்ப்புக்குள்ள ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்பி) முழு டீசல் நிலையிலேயே ஒட்டிக்கிட்டிருந்தா, கிளம்பின அடுத்த நொடி இன்ஜின் கட்டுக்கடங்காம ஏறும். சாவி கேட்காது. அதனால இன்ஜின் மேல ஸ்டாப்னு எழுதியிருக்கிற லிவர் லேசா அமுங்கித் திரும்புதான்னு பாருங்க. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, வாயை மூட ஒரு தடிப் பலகையோட ஓராள் நிக்கட்டும். துணியோ உள்ளங்கையோ வேண்டவே வேணாம், உறிஞ்சிடும். ஃபில்டர் டப்பாவுக்குள்ள அணில் கூடு இருக்கான்னும் அப்பவே பார்த்துடுங்க. நம்ம பக்கத்து ஷெட்டுகளில் தேங்காய் நாரை அதுக்குள்ளதான் கொண்டு சேர்க்கும்.

எண்ணெய் 15டபிள்யூ-40 டீசல் கிரேடு, ஃபில்டரோட சேர்த்து ஏறக்குறைய ஆறரை லிட்டர். லிவரை அமுக்கிப் பிடிச்சபடி ஸ்டார்ட்டரை அடிச்சு ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகே லிவரை விடணும். 15 நொடிக்கு மேல ஒரே மூச்சில் அடிக்காதீங்க, நடுவுல ரெண்டு நிமிஷம் விடுங்க. இன்ஜெக்டர் பைப் நட்டை 17 ஸ்பேனரால் அரைச் சுத்து தளர்த்தி வச்சா காத்து வெளிய போகும், டீசல் சொட்டினதும் இறுக்கிடலாம். ஓடும்போது அந்த முள் 3 பாரில் நிக்கணும்.

ஸ்பேர்ஸ்_திருச்சி:
பார்ட்ஸ் கிடைக்காது என்று சொன்னவர் இந்த இன்ஜினின் பூர்வீகம் தெரியாமல் சொல்லியிருக்கிறார். உங்கள் வண்டியில் இருப்பது ஓஎம்616. 1980களில் டைம்லர்-பென்ஸிடம் உரிமம் வாங்கி பஜாஜ் டெம்போ இதே குடும்ப இன்ஜினை இந்தியாவில் தயாரித்தது. டெம்போ டிராவலர், டிராக்ஸ் இரண்டிலும் ஓடியது இதுதான். அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். காரைக்குடி, மதுரை, திருச்சி ஸ்பேர்ஸ் கடைகளில் பென்ஸ் என்று கேட்டால் கையை விரிப்பார்கள். பழைய டிராக்ஸ் என்று கேளுங்கள். வால்வு, கைடு, பேரிங், டைமிங் செயின் என்று எடுத்து வைப்பார்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. 1978 வரை வந்த 240டி 2404 சிசி, போர் (சிலிண்டர் உள்விட்டம்) 91.0 மி.மீ. அதன் பிறகு வந்தது 2399 சிசி, போர் 90.9 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் 92.4. உங்களுடையது 1977 என்பதால், பிஸ்டன் செட் வாங்கும் நிலை வந்தால் போரை அளந்த பிறகே வாங்க வேண்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பார்வைக்குத் தெரியாது, புகையில் தெரியும். டெம்போ இன்ஜினில் ஆயில் சம்ப், மவுண்ட், மேனிஃபோல்டு வேறு மாதிரி இருக்கும். நாசிலை அதன் மேல் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

காசை மிச்சம் பிடித்து வைக்க வேண்டியது இன்ஜினுக்கு அல்ல, ரப்பருக்கும் பாடிக்கும்தான். கண்ணாடி பீடிங், கதவு ரப்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃப்ளெக்ஸ் டிஸ்க் (ரப்பர் இணைப்பு), கீழ் பால் ஜாயின்ட், இன்ஜின் மவுண்ட் எதுவும் டெம்போவிலிருந்து வராது. ஜெர்மனியில் இருந்துதான் வரவழைக்க வேண்டும். லெம்ஃபோர்டர், ஆட்டே, பாஷ் பிராண்டுகளின் தரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். மலிவு ஃப்ளெக்ஸ் டிஸ்க் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே வெடிப்பு விடும். சேசிஸ் எண் 123.123 என்று தொடங்குகிறதா பாருங்கள், 240டிக்கு உரிய எண் அதுதான். ஆர்டர் போடும்போது முழு எண்ணையும் கொடுங்கள்.

இன்ஜின் மாற்றாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் என்று பதியலாம்; நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது. உங்கள் ஆர்சியில் முதல் பதிவுத் தேதி என்ன என்று பாருங்கள், அநேகமாக 50 நெருங்கியிருக்கும்.

கோட்டையூர்_ரேடியேட்டர்:
தம்பி, இன்ஜின் ஓடுற சந்தோஷத்துல பிரேக்கை மறந்துட்டுத் தெருவுல இறங்கிடாதீங்க. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். பெடல் தரைக்குப் போறது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போனதுக்கு அடையாளம். அதை பம்ப் அடிச்சு அடிச்சு ப்ளீட் பண்ணி (காத்து எடுத்து) சரிக்கட்டப் பார்த்தா, துருப்பிடிச்ச பகுதியில ரப்பர் உரசி மிச்சமும் கிழியும். மாஸ்டர் புதுசு, காலிப்பர் சீல் கிட், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு. ஹோஸ் வெளியில நல்லா இருக்கும், உள்ளே உப்பி அடைச்சிருக்கும். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடிச்சே நிக்கும். டாட் 4 பிரேக் ஆயில் ஒரு லிட்டர் வாங்கிக்குங்க. டயர் எவ்வளவு கட்டை இருந்தாலும், இத்தனை வருஷம் நின்னதால மாத்தணும்.

போர் தண்ணிக்கு வருவோம். நம்ம பக்கத் தண்ணியில இருக்கிற உப்பு இன்ஜின் ஹெட்டுக்குள்ளயும் ரேடியேட்டர் டியூப்புலயும் வெள்ளையா ஓடு கட்டியிருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டுங்க. முதல்ல வெறும் தண்ணியில ரெண்டு தரம் அலசணும். பத்து லிட்டர் தண்ணிக்கு அரைக் கிலோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்சு ஊத்தி, ஹீட்டரை முழு சூட்டுல திறந்து வச்சு, இன்ஜினை அரை மணி நேரம் ஓட விடுங்க. ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க, அலுமினியப் பாகங்களை அரிச்சிடும். தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அலசுங்க. அப்புறம் 80 டிகிரி தெர்மோஸ்டாட் புதுசு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரி பாதி. வளவுல (முற்றத்துல) ஓட்டிலிருந்து பிடிச்ச மழைத் தண்ணி அலசுறதுக்கு அருமையா இருக்கும், உப்பே கிடையாது. கடைசி நிரப்புக்கு மட்டும் டிஸ்டில்டு. ரேடியேட்டர் டேங்க் பிளாஸ்டிக்கா இருந்தா மேல் ஹோஸ் கழுத்தைச் சந்தேகத்தோட பாருங்க, நடு ரோட்டுல முறியுறது அங்கதான்.

துரு: நம்ம பூமி வறண்டது, கடலோர வண்டி அளவுக்கு இருக்காது. ஆனா வைப்பருக்குக் கீழ இருக்கிற பள்ளத்துல வேப்பிலை சேர்ந்து வடிகால் ஓட்டை அடைச்சா, ஐப்பசி மழையில தண்ணி உள்ள இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில நிக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. பேட்டரி தட்டு, ஜாக்கி வைக்கிற நாலு இடம், டிக்கியில ஸ்பேர் டயர் குழி, இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பார்க்கணும். உள்ள போனா வெட்டி எடுத்து புதுத் தகடு வெல்டிங். துரு மேல தார் அடிக்க யாரையும் விடாதீங்க, உள்ளே ஈரத்தை அடைச்சு வச்சுத் தின்னுடும்.

வளவுவீடு:
ரொம்ப நன்றி. சொன்ன வரிசையிலேயே செஞ்சேன், இன்ஜின் ஓடுது. பிரேக் வேலையும் முடிஞ்சிருச்சு. ஆனா ரெண்டு சிக்கல். காலையில நிறைய வெள்ளைப் புகையோட மூணு சிலிண்டர்ல தடதடன்னு கிளம்புது, சூடான பிறகு சரியாயிடுது. கம்ப்ரெஷன் (சிலிண்டர் அமுக்கம்) அளந்தோம்: 21, 20, 14, 21 பார். ஹெட்டை இறக்கணும்னு சொல்றாங்க. அடுத்தது, சாவியை அணைச்சா சில நேரம் இன்ஜின் நிக்கவே மாட்டேங்குது.

டீசல்_பள்ளத்தூர்:
ஹெட்டை இறக்காதீங்க அண்ணே, இன்னும் அந்த நிலைமை வரல. இந்த இன்ஜினுக்கு 22 முதல் 24 பார் நல்லது, 15 கடைசி எல்லை, சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 3க்கு மேல போகக் கூடாது. மூணாவது மட்டும் இறங்கியிருக்கிறதால முதல் சந்தேகம் வால்வு இடைவெளி மேலதான். வால்வு உட்கார்ற சீட் தேயத் தேய இந்த இன்ஜினில் இடைவெளி குறைஞ்சுகிட்டே வரும். கடைசியில வால்வு முழுசா மூடாம அமுக்கம் கசியும். தட்டுற சத்தம் வராததால யாரும் கவனிக்க மாட்டாங்க.

இன்ஜின் முழுசா ஆறின பிறகு அளங்க. இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. எது எதுன்னு குழப்பம் வந்தா மேனிஃபோல்டு குழாய் எந்த வால்வுக்கு நேரா வருதுன்னு பாருங்க. கேம் மூக்கு (வால்வை அமுக்குற மேடு) மேல்நோக்கி நிக்கிறபோதுதான் அளக்கணும். 14 மி.மீ. ஸ்பேனர் மெலிசா ரெண்டு வேணும்: கீழ் நட்டைப் பிடிச்சுக்கிட்டு மேல் தொப்பி நட்டைத் திருப்பணும். ஸ்பிரிங் தட்டு கூடவே சுத்தினா அதைப் பிடிக்க மூணாவது ஸ்பேனர். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) லேசா இழுபடணும். பூட்டின பிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்க, இறுக்கும்போது மாறிடும். திரும்ப மூடும்போது வால்வு கவர் கேஸ்கெட் புதுசு. அப்புறம் 500 கி.மீ. திருப்பத்தூர், மேலூர் ரோட்டில் நல்லா சூடேற ஓட்டிட்டு கம்ப்ரெஷனை மறுபடி எடுங்க. ஒட்டின ரிங்கும் அதுக்குள்ள விடும். அதுக்கப்புறமும் 15க்குக் கீழ நின்னா ஹெட்டைப் பத்திப் பேசலாம்.

கிளப்பும்போது சிலிண்டரைச் சூடேத்துற க்ளோ பிளக்கையும் பாருங்க. 1980க்கு முந்தின வண்டிக்கு வளையக் கம்பி வகை, நாலும் ஒரே வரிசையில் இணைச்சது. ஒண்ணு அறுந்தா நாலுமே எரியாது. உங்களுக்கு மூணு சிலிண்டர் காலையில பிடிக்குதுன்னா பிளக் எரியுதுன்னுதான் அர்த்தம், இருந்தாலும் இணைப்புக் கம்பியைச் சுரண்டி இறுக்குங்க.

ஸ்பேர்ஸ்_திருச்சி:
இன்ஜின் நிற்காததற்குக் காரணம் வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவை). சாவியை அணைத்ததும் டீசல் பம்ப்பின் பின்பக்கம் இருக்கும் சின்ன டப்பாவை வேக்குவம் இழுத்து டீசலை நிறுத்த வேண்டும். அதற்குப் போகும் பழுப்புக் குழாயைக் கழற்றி, டப்பாவில் 50 மில்லி ஊசி சிரிஞ்சை மாட்டி இழுங்கள். இழுக்கக் கனமாக இருந்து, விட்டதும் சிரிஞ்சின் பிஸ்டன் உள்ளே திரும்பினால் டப்பா நல்லது, தடையில்லாமல் வந்து இழுத்த இடத்திலேயே நின்றால் உள்ளே டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. குழாயில் இன்ஜின் ஆயில் கசிந்திருந்தாலும் அதே கதைதான். டப்பா நல்லதென்றால் ரப்பர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சென்ட்ரல் லாக் உள்ள வண்டியானால் கதவுக்குள் இருக்கும் கசிவுகூட இன்ஜினை நிற்கவிடாது. லாக்குக்குப் போகும் குழாயைத் தற்காலிகமாக அடைத்தால் தெரிந்துவிடும்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். பிரேக் பூஸ்டருக்கும் அதே வேக்குவம் பம்ப்தான். இன்ஜினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு தடவை அமுக்கி, காலை அப்படியே வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாக அரை அங்குலம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மேலூர் ரோட்டுக்குப் போகும் முன் வேக்குவம் பம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.