ஓவர்ரைடு: ‘மேலெழுது’ சரிவராது, ‘விஞ்சு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒரே அமைவுக்கு (setting) பல இடங்களில் மதிப்பு கொடுத்திருந்தால், அவற்றில் ஒன்று மற்றவற்றைத் தள்ளிவிட்டுச் செல்லுபடியாவதே ஓவர்ரைடு (override). இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் மொழிபெயர்ப்பு உரையாடலில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> அமைவுக் கோப்பு பற்றிய உதவிப் பக்கத்தில் ஓவர்ரைடு வரும் இடங்களில் எல்லாம் ‘மேலெழுது’ என்றே போட்டுவிடலாம். ஏற்கெனவே பழகிய சொல்தானே.

பழகிய சொல்தான். ஆனால் ஓவர்ரைட்டுக்கு (overwrite, பழையதை அழித்து அதன்மேல் எழுதுவது) பழகிய சொல் அது. ‘இந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே உள்ளது, மேலெழுதவா?’ என்று கணினி கேட்கும்போது, ஆம் என்றால் பழையது போய்விடும் என்று எல்லோருக்கும் புரிகிறது. கட்டளைவரி நிரல் அமைவுக் கோப்புகளைப் படிக்கும்போது அப்படி எதுவும் போவதில்லை. அங்கே எழுதும் வேலையே கிடையாது.

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கணினி முழுமைக்குமான கோப்பு, அப்புறம் ஹோம் அடைவில் இருக்கும் பயனர் கோப்பு, கடைசியாகத் திட்டத்தின் கிட் அடைவுக்குள் இருக்கும் கோப்பு என்ற வரிசையில் படிக்கும். பயனர் கோப்பில் என் சொந்த மின்னஞ்சலும், ஒரு திட்டத்தின் கோப்பில் அலுவலக மின்னஞ்சலும் இருந்தால், அந்தத் திட்டத்துக்குள் செய்யும் கமிட்டுகளில் (மாற்றப் பதிவுகளில்) அலுவலக முகவரி வரும். வெளியே வந்தால் பழையபடி சொந்த முகவரிதான். பயனர் கோப்பில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. இதை ‘திட்டக் கோப்பு பயனர் கோப்பை மேலெழுதும்’ என்று எழுதிவைத்தால், புதிதாக வருபவர் தன் கோப்பு அழிந்துவிடும் என்று பயந்து நகல் எடுக்க ஓடுவார். பயப்படுவது அவர் பிழை ஆகாது, சொல் அப்படித்தான் சொல்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமைவுகளை மாற்ற உதவும் கிட் கான்ஃபிக் கட்டளையில் புதிய முகவரியைக் கொடுத்தால், கோப்பில் இருந்த பழைய மதிப்பு உண்மையிலேயே மேலெழுதப்படும். ஆக, ஒரே உதவிப் பக்கத்தில் இரண்டு செயலும் வருகின்றன. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போட்டால், எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று வாசிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

> அப்படியானால் ‘பின்னது முன்னதை மாற்றும்’ என்ற பொருளில் ஒரு சொல் பார்க்கலாமே?

கிட்டுக்கு அது பொருந்தும். தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் (SSH) நேர் எதிர். அது முதலில் கட்டளைவரியில் கொடுத்ததைப் பார்க்கும், பிறகு பயனர் கோப்பு, அதன் பின் கணினி முழுமைக்குமான கோப்பு. ஓர் அமைவுக்கு முதலில் கிடைத்த மதிப்பை வைத்துக்கொண்டு, அடுத்து வருவதை விட்டுவிடும். அதனால்தான் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான நட்சத்திரக்குறிப் பகுதியை (Host *) கோப்பின் அடியில் வைக்கச் சொல்கிறார்கள். மேலே வைத்தால், கீழே தனித்தனியாக எழுதியதில் அதனோடு மோதுவது எதுவும் எடுபடாது. ஆகவே நம் சொல்லில் ‘எழுது’ இருக்கக் கூடாது, ‘பின்’ ‘முன்’ என்ற வரிசையும் இருக்கக் கூடாது. எது வெல்கிறது என்பதை மட்டும் அது சொன்னால் போதும்.

என் பரிந்துரை ‘விஞ்சு’. ‘அவரை விஞ்ச ஆளில்லை’ என்கிறோம். விஞ்சப்பட்டவர் அழிந்துபோவதில்லை, இரண்டாம் இடத்தில் இருக்கிறார். இங்கே தேவையான பொருளும் அதுவே. விஞ்சும், விஞ்சிய, விஞ்சப்பட்ட, விஞ்சல் என்று எல்லா வடிவத்திலும் தடங்கல் இல்லாமல் வருகிறது. ‘சூழல் மாறி அமைவுக் கோப்பை விஞ்சும், கட்டளைவரி விருப்பத்தேர்வு இரண்டையும் விஞ்சும்.’ (சூழல் மாறி என்பது environment variable, அதாவது நிரலுக்கு வெளியே பெயரிட்டு வைக்கும் மதிப்பு.) வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சிலர் முன்பு சொன்ன ‘மீறு’ எனக்கு ஒப்பவில்லை. விதியை மீறுவதுபோல் ஒலிக்கிறது. பயனர் செய்வதோ அனுமதிக்கப்பட்ட செயல்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று வரும் என்று எனக்கே தெரிகிறது. விஞ்சுவது என்றால் அளவில் மிகுவது என்றும் பொருள். காத்திருப்பு நேரம் பொதுக் கோப்பில் 30 நொடி, பயனர் கோப்பில் 5 நொடி என்றால், ‘5 என்பது 30-ஐ விஞ்சும்’ என்று எழுத முடியாது, அபத்தமாக இருக்கும். அதனால் எழுவாயாகக் கோப்பையே வையுங்கள், மதிப்பை வைக்காதீர்கள்: ‘பயனர் கோப்பு பொதுக் கோப்பை விஞ்சும், ஆகவே 5 நொடியே செல்லும்.’ செல்லும், செல்லாது என்பது நம்மிடம் நெடுநாளாகப் புழங்குகிற பேச்சு. எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்தபின் நிரல் கையாளும் மதிப்பைச் ‘செல்லும் மதிப்பு’ என்றே சொல்லிவிடலாம். அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஷோ-ஆரிஜின் போன்ற விருப்பத்தேர்வுகளை விளக்கவும் அது கைகொடுக்கும்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் மொத்தமாகத் தேடி மாற்றிவிட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். எஸ்எஸ்எச்சில் சாவிக் கோப்பு எது என்று சொல்லும் ஐடென்டிட்டிஃபைல் அமைவைப் பல இடங்களில் கொடுத்தால் ஒன்று மற்றொன்றை விஞ்சாது. எல்லாச் சாவிகளும் பட்டியலில் சேர்ந்து ஒவ்வொன்றாக முயலப்படும். கிட்டிலும் பல மதிப்புகள் ஏற்கும் அமைவுகள் உண்டு. அங்கெல்லாம் ‘சேரும்’ என்றுதான் எழுத வேண்டும். அத்தகைய வரிகளை நான் இந்த வாரம் குறித்துவைக்கிறேன். ‘விஞ்சு’ பிடிக்காதவர்கள் அதற்குள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள். சொல்லும்போது கிட், எஸ்எஸ்எச் இரண்டிலும் அதை வைத்து ஒவ்வொரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள்.