லினக்ஸில் இரண்டு மானிட்டர்: ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்றில் தமிழ் எழுத்து மங்குகிறது

அச்சுக்கடை, சுங்கை சிப்புட்:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஓர் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ், இதெல்லாம்தான் பிழைப்பு. கணினியில் லினக்ஸ் மின்ட், அதன் திரைச்சூழல் சினமன். வேலை, படம் வரைய இங்க்ஸ்கேப்பிலும் பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸிலும்.

மடிக்கணினி 14 அங்குலம். பக்கத்தில் 24 அங்குல மானிட்டர். ஏ4 தாள் முழுசாகத் தெரியட்டும் என்று அதை நெட்டுவாக்கில் திருப்பி வைத்திருக்கிறேன். இரண்டுமே 1920-க்கு 1080. திரையில் எழுத்து, மெனுவின் அளவு (ஸ்கேலிங்) எல்லாம் 100 விழுக்காட்டில் இருந்தால் மடிக்கணினியில் மெனுவைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். அதற்கு மட்டும் 150 கொடுத்தேன். அது நன்றாகிவிட்டது. ஆனால் நான் கையே வைக்காத பெரிய மானிட்டரில் எழுத்து மங்கிவிட்டது! மெஷினும் மந்தம்.

ஆங்கிலம், மலாய் என்றால் எப்படியோ ஓட்டிவிடலாம். தமிழில் புள்ளி இருக்கிறதே, அதுதான் முதலில் கரைகிறது. 'ம்' எது, 'ம' எது என்று ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கிப் பார்த்துத்தான் புரூஃப் முடிக்கிறேன். மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பெண் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது? போதாததற்கு எழுத்து ஓரத்தில் லேசாகச் சிவப்பும் நீலமும் அடிக்கிறது. 4கே மானிட்டர் வாங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கையில் காசு தைப்பூசத்துக்கு அப்புறம்தான்.

ஒயர்மேன்:

பெரிய மானிட்டர் எந்தக் கேபிளில் ஓடுகிறது? பழைய விஜிஏ என்றால் மற்றதைப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை, அதுவே எழுத்தைக் குழப்பும்.

அச்சுக்கடை, சுங்கை சிப்புட்:

எச்டிஎம்ஐதான் அண்ணே. 100-க்குத் திருப்பினால் பளிச்சென்று இருக்கிறது, அதனால் கேபிள் இல்லை.

கோலகங்சார்காரன்:

காரணம் கேபிள் இல்லை. திரையில் ஜன்னல்களைக் காட்டும் அடித்தளமாக நீங்கள் ஓட்டுவது எக்ஸ்11, பழைய முறை. அதற்கு எத்தனை மானிட்டர் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே பரப்பு, அளவும் ஒன்றே ஒன்றுதான். ஒரு திரைக்கு 150, இன்னொன்றுக்கு 100 என்று கேட்டால், சினமன் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக வரைந்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு திரைக்கும் ஏற்றபடி சுருக்குகிறது. உங்கள் 24 அங்குலத் திரை 3840-க்கு 2160 அளவில் வரையப்பட்டு, 1920-க்கு 1080 ஆக நசுங்கி வருகிறது. நான்கு மடங்கு திரைப் புள்ளிகளை (பிக்சல்) வரைந்து தூக்கிப் போடும் வேலை. மந்தம் அதனால்தான், மங்கலும் அதனால்தான்.

உங்கள் மடிக்கணினியில் அங்குலத்துக்கு 157 திரைப் புள்ளிகள், மானிட்டரில் 92. இவ்வளவு வித்தியாசத்தை ஒரே அளவில் அடக்க முடியாது. எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்ட் என்றால் திரைக்குத் திரை தனி அளவு. அதிலும் முதலில் 1, 2 என்று முழு எண்தான் இருந்தது. 1.5 (அதாவது 150) போன்ற பின்ன அளவுக்கான நெறிமுறை 2022 கடைசியில்தான் சேர்ந்தது. சினமன் போல இன்னொரு திரைச்சூழலான கேடிஇ பிளாஸ்மா 6 இதை நன்றாகவே கையாளுகிறது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் கேடிஇ பதிப்பை யூஎஸ்பியில் போட்டு, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். மின்ட்டிலும் வேலண்ட் 21.3-ல் சோதனையாக வந்தது. ஆனால் சம்பாதிக்கிற மெஷினில் சோதனை வேண்டாம் என்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். வேலண்ட் வந்தாலும் எல்லா மென்பொருளும் பின்ன அளவை நேராக வரையாது. க்யூடி 6 என்ற நிரல் கருவித்தொகுப்பில் எழுதியவை வரையும். இங்க்ஸ்கேப் எழுதப்பட்டது ஜிடிகே 3-ல், ஸ்கிரைபஸ் 1.6 க்யூடி 5-ல். இவை இரண்டு மடங்கு வரைந்து சுருக்கும் பழைய கதையே, ஆனால் 150-ல் உள்ள திரையில் மட்டும். 100-ல் உள்ள திரையில் புள்ளிக்குப் புள்ளி நேராக விழும். அதனால் மடிக்கணினிக்கு 150, பெரியதற்கு 100. பக்க வடிவமைப்பும் புரூஃபும் பெரியதில். வாட்ஸ்அப், உலாவி எல்லாம் மடிக்கணினியில்.

வேலண்ட் தெரியாத பழைய எக்ஸ்11 நிரல்களுக்குத் திரை அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது: நிரலே அளவை மாற்றிக்கொள்வதா, கணினி மாற்றுவதா என்று. ஆளாளுக்கு முதலாவதைப் போடச் சொல்வார்கள். உங்களுக்கு இரண்டாவது. முதலாவதைப் போட்டால் பழைய நிரல்கள் 150-க்கு வரைந்து, பெரிய திரையில் மறுபடி சுருங்கி மங்கும். எந்த நிரல் பழையது என்று பார்க்க எக்ஸ்ஐஸ் என்ற, சுட்டியைப் பார்க்கும் இரண்டு கண் கொண்ட குட்டி நிரலைத் திறந்து வையுங்கள். சுட்டி பழைய நிரல் மேல் நகரும்போது மட்டும்தான் அந்த இரண்டு கண்ணும் திரும்பும்.

மெய்ப்புத் திருத்தி:

சிவப்பு நீலத்துக்குக் காரணம் வேறு. மானிட்டரின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் பக்கம் பக்கமாக இருக்கும் என்று நம்பித்தான் எழுத்தின் ஓரத்தை மென்மையாக்குகிறார்கள். நீங்கள் திரையை நெட்டுவாக்கில் திருப்பியதும் அவை மேலும் கீழுமாகிவிட்டன, கணக்கு தப்புகிறது. எழுத்துரு அமைப்பில் ஆர்ஜிபியை (இந்தச் சிவப்பு-பச்சை-நீல முறையை) விட்டுச் சாம்பல் முறைக்கு மாற்றுங்கள். ஹின்ட்டிங் (எழுத்தின் கோடுகளைத் திரைப் புள்ளிகளோடு ஒட்டவைப்பது) லேசாக இருந்தால் போதும். முழுசாக வைத்தால் சில தமிழ் எழுத்துருக்களில் சுழி கோணலாகிறது.

மெனுவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழில் மீடியம் தடிமன் போட்டுப் பாருங்கள், புள்ளி கண்ணுக்குப் படும். பத்திரிகைக்கு எந்த எழுத்துரு என்பது உங்கள் வாடிக்கையாளர் தலைவலி.

அச்சுக்கடை, சுங்கை சிப்புட்:

இரண்டு பேருக்கும் நன்றி. சாம்பல் முறை மின்ட்டிலேயே உடனே பலன் தந்தது, வண்ண ஓரம் போய்விட்டது. யூஎஸ்பியில் ஃபெடோரா கேடிஇ ஓட்டினேன். மடிக்கணினி 150, பெரியது 100. ஸ்கிரைபஸில் ஒரு கும்பாபிஷேக நோட்டீஸைத் திறந்து பார்த்தேன், பெரிதாக்காமலே புள்ளி தெரிகிறது. அதே ஜன்னலை மடிக்கணினிக்கு இழுத்தால் கொஞ்சம் மெத்தென்று ஆகிறது, நீங்கள் சொன்ன மாதிரியே.

புதுத் தொல்லை ஒன்று. தமிழில் தட்ட முடியவில்லை. முரசு அஞ்சல் காலத்திலிருந்து ஒலிமுறையில் பழகிய கை. தமிழ் உள்ளீட்டுக்கான எஃப்சிஐடிஎக்ஸ் 5-ம் எம்17என்-ம் போட்டும் ஆங்கிலம்தான் விழுகிறது.

கோலகங்சார்காரன்:

பிளாஸ்மா அமைப்பில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பகுதிக்குப் போய், எஃப்சிஐடிஎக்ஸ் 5 வேலண்ட் துவக்கி என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலண்டில் விசை உள்ளீட்டை ஜன்னல் மேலாளர்தான் கைமாற்றுகிறது, அதனால் அங்கே சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்தால் திரையில் வரும் விசைப்பலகை என்று தோன்றும், யாரும் திறக்கவே மாட்டார்கள்.

அச்சுக்கடை, சுங்கை சிப்புட்:

வந்துவிட்டது. கையில் இருக்கும் ஆர்டர்களை மின்ட்டில் முடித்துவிட்டு, அப்புறம் நிறுவுகிறேன். அதுவரை இரண்டு திரையும் 100, மடிக்கணினியில் உலாவியை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறேன்.